நாள்பட்ட நெஞ்செரிச்சல்: தினசரிப் பழக்கங்களில் எதை மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பிட்டு அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குள் எரிச்சல், குனிந்தால் தொண்டை வரை ஏறும் புளிப்பு, படுத்தால் இருமல். மாதக்கணக்கில் இப்படி அவதிப்படுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியலை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். எவ்வளவு சாப்பிடுகிறோம், எப்போது சாப்பிடுகிறோம், சாப்பிட்டபின் உடம்பை எப்படி வைத்திருக்கிறோம் என்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு வயிற்றில் அமிலம் அதிகமாகச் சுரக்கிறதா?

பெரும்பாலும் இருக்காது. எதுக்களிப்புத் தொல்லை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மற்றவர்களுக்குச் சுரக்கும் அளவில்தான் அமிலம் சுரக்கிறது. இரைப்பைக்குள் இருக்கும்வரை அதனால் தொந்தரவு கிடையாது; அங்கே உள்சுவரில் கெட்டியான சளிப் படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லாததால், அமிலம் அங்கே ஏறி வந்தால் எரிகிறது.

இரண்டுக்கும் நடுவில் வளையம் போன்ற ஒரு தசை உண்டு. விழுங்கும்போது திறந்து, பிறகு இறுகிக்கொள்ளும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் வெளியே இருந்து அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் நாம் எதையும் விழுங்காத நேரத்திலும் இந்த வளையம் அவ்வப்போது பத்து விநாடிக்கு மேல் தளர்ந்து கொடுக்கும். ஏப்பம் வெளியேறுவதே அந்த வழியாகத்தான். எல்லோருக்கும் நடக்கிற விஷயம் இது. இரைப்பையின் மேற்பகுதி உப்பினால் இது அடிக்கடி நடக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டாலோ, வாயு அடைத்துக்கொண்டாலோ எரிச்சல் கூடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. உணவு உள்ளே போனால் அமிலத்தின் வீரியம் குறைய வேண்டும். ஆனால் எரிச்சல் சாப்பிட்ட பிறகுதானே வருகிறது? 2001-ல் கிளாஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். சாப்பிட்ட உணவின் மேல், வளையத் தசைக்குச் சற்றுக் கீழே, உணவோடு கலக்காத புது அமிலம் ஓர் அடுக்காகத் தேங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் வளையம் தளர்ந்தால் மேலே ஏறுவது அதுதான். சாப்பிட்டவுடன் படுப்பது, குனிவது, இடுப்பை இறுக்குவது எல்லாம் ஏன் வம்பு என்பது இதிலிருந்தே புரியும்.

எப்போதாவது வருவதற்கும் நாள்பட்டதற்கும் என்ன வித்தியாசம்?

விருந்துக்குப் பிறகு ஒருநாள் நெஞ்சு எரிவதை நோய் என்று சொல்வதில்லை. பல நாட்டு மருத்துவ நிபுணர்கள் சேர்ந்து வகுத்து 2006-ல் வெளியான மான்ட்ரியல் வரையறைப்படி, எதுக்களிப்பு ஒருவருக்குத் தொல்லையாக இருந்தாலோ பின்விளைவுகளை உண்டாக்கினாலோதான் அது நோய். லேசான தொந்தரவு வாரத்தில் இரண்டு நாளாவது வந்தால், அல்லது கடுமையானது வாரம் ஒரு முறைக்கு மேல் வந்தால், பலரும் அதைத் தொல்லை என்றே சொல்கிறார்கள். எண்டோஸ்கோபி செய்து பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நோயே இல்லை என்று அர்த்தமாகாது. எதுக்களிப்பு உள்ள பலருக்கு உணவுக்குழாயில் புண் எதுவும் தெரியாது.

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் எதை மாற்றுவது?

இரவுச் சாப்பாட்டின் நேரத்தை. யோசிக்கவே வேண்டாம்.

பகலில் அமிலம் மேலே வந்தால், அதைக் கீழே தள்ள மூன்று துணைகள் இருக்கின்றன: உட்கார்ந்தோ நின்றோ இருப்பதால் கிடைக்கும் ஈர்ப்பு விசை, அடிக்கடி விழுங்கும் உமிழ்நீர், உணவுக்குழாயின் அசைவு. தூக்கத்தில் ஈர்ப்பு விசை உதவாது, உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும், விழுங்குவதும் குறைந்துவிடும். பகலில் சற்று நேரத்தில் இறங்கிவிடும் அமிலம் இரவில் வெகுநேரம் அங்கேயே தங்கிப் புண்ணாக்குகிறது. ஜப்பானில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குள் படுக்கப் போனவர்களையும், நான்கு மணி நேரமாவது கழித்துப் படுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகையினருக்கு எதுக்களிப்பு நோய் இருக்கும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு கூடுதலாக இருந்தது.

ஆகவே கணக்கைப் படுக்கையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பதினொன்றுக்குத் தூங்குபவர் எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வேலை விட்டு வீடு வரவே ஒன்பதரை ஆகிறதா? அப்படியானால் மாலை ஆறு, ஏழு மணிக்குள் வேலை செய்யும் இடத்திலேயே பாதிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கொழுப்பில்லாத, கையளவு ஏதாவது போதும். பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு இரவில் ஒரே வேளையாகச் சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. பசியோடு வேகவேகமாகச் சாப்பிடும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது.

நொறுக்குத் தீனிக்கும் இதே கணக்குதான். எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்தரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து கொறித்தால், பத்தரையிலிருந்துதான் மூன்று மணி நேரத்தை எண்ண வேண்டும்.

இரண்டு தலையணை வைத்துப் படுத்துப் பார்த்தேன், பலனில்லையே?

தலையணையை அடுக்கினால் தலையும் கழுத்தும்தான் உயர்கின்றன. உடம்பு இடுப்பில் மடிவதால் வயிறு அழுந்தி, சிலருக்கு எரிச்சல் கூடவும் செய்யும். உயர வேண்டியது நெஞ்சுப் பகுதி முழுவதும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டைகளை வையுங்கள். கட்டிலின் காலைவிட அகலமான கட்டையாக இருக்கட்டும். நடுவில் சிறு குழி வெட்டி அதில் கால் பொருந்தி நின்றால் நழுவாது. வைத்த பிறகு, படுப்பதற்கு முன் கட்டிலை ஒருமுறை நன்றாக ஆட்டிப் பாருங்கள். முதல் சில நாட்கள் கால்மாட்டுப் பக்கம் சறுக்குவதுபோல இருக்கும், பிறகு பழகிவிடும். கட்டிலோடு மல்லுக்கட்ட முடியாதவர்களும் தரையில் படுப்பவர்களும் சரிவான ஆப்பு வடிவ மெத்தைத் திண்டு வாங்கலாம். அது இடுப்புக்கு மேலிருந்து தலைவரை தாங்கும்படி நீளமாக இருக்க வேண்டும். பகலில் மட்டும் எரிச்சல் வருபவர்களுக்கு இந்த வேலையெல்லாம் தேவையில்லை.

எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது?

இடது பக்கம். இடதுபுறம் படுத்தால், இரைப்பையில் அமிலம் தேங்கும் பகுதி உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே போய்விடும். வலதுபுறம் படுத்தால் மேலே வந்துவிடும். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் தூங்குபவர்களை வைத்து அளந்து பார்த்தார்கள். மேலே வந்த அமிலம் இறங்க இடப்பக்கம் படுத்தபோது சுமார் 35 விநாடி ஆனது. மல்லாந்து படுத்தபோது 76, வலப்பக்கம் படுத்தபோது 90 விநாடி. தூக்கத்தில் புரளத்தான் செய்வோம். முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை ஒன்றை அணைத்தாற்போல் வைத்தால் கொஞ்சம் கட்டுப்படும்.

காபி, சாக்லேட், தக்காளி, காரம்: எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பட்டியல்களைப் பார்த்து ஒரேயடியாகப் பத்துப் பொருட்களைத் தட்டிலிருந்து விலக்குபவர்கள் ஒரு மாதத்தில் அலுத்துப்போய், எல்லாவற்றையும் பழையபடி சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். எது காரணம் என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதத்தில் தொல்லை தரும் என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம். பொரித்ததும் கொழுப்பு மிகுந்ததும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், வளையத் தசையையும் தளர்த்தும். சாக்லேட்டும் புதினாவும் தளர்த்தும் வகைதான். நெஞ்செரிச்சலுக்குப் புதினா மிட்டாய் சப்புவது பலரிடம் இருக்கும் பழக்கம், அது எதிர்விளைவையே தரக்கூடும். எலுமிச்சை, ஆரஞ்சு, தக்காளி ஆகியவை ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் பட்டு எரிகின்றன. மிளகாயின் காரம் அங்குள்ள வலி நரம்புகளைத் தூண்டுகிறது. சோடா கலந்த பானங்கள் வாயுவால் இரைப்பையை உப்பவைக்கின்றன. பச்சை வெங்காயம் சிலருக்கு ஏப்பத்தையும் எரிச்சலையும் கூட்டும். காபி விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு கப்பே தாங்காது, இன்னொருவர் மூன்று குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

எனவே ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு வாரம் போதும். “இரவு 9.40, பொரித்த கோழி, வயிறு நிறைய. 10.30-க்குப் படுத்தேன். 1 மணிக்கு எரிச்சலில் விழிப்பு.” இந்த அளவு விவரம் இருந்தால் சரி. இதில் கோழி குற்றவாளியா, நேரமா, அளவா என்று ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. அதே கோழியை மதியம் அளவாகச் சாப்பிட்ட நாளின் குறிப்பு பக்கத்திலேயே இருந்தால் சொல்லிவிடலாம். சந்தேகப்படும் பொருளை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள், மீண்டும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

பால் குடித்தால் எரிச்சல் அடங்குகிறதே?

சற்று நேரம் அடங்கும். பிறகு பாலில் உள்ள புரதமும் கால்சியமும் அமிலச் சுரப்பைத் தூண்டும். படுக்கும் நேரத்தில் ஒரு பெரிய டம்ளர் கொழுப்புள்ள பால் நல்ல யோசனை இல்லை.

வினிகர், சமையல் சோடா?

அமிலம் குறைவதால்தான் எதுக்களிப்பு வருகிறது, வினிகர் குடித்தால் சரியாகும் என்ற பேச்சு ரொம்ப நாளாக உலவுகிறது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. புண்பட்ட உணவுக்குழாயில் வினிகரை ஊற்றுவது, பற்களின் எனாமலைக் கரைப்பது, இவைதான் நிச்சயமாக நடக்கும். சமையல் சோடா அமிலத்தை உடனே சமன்படுத்தும் என்பது உண்மை, ஆனால் அதில் சோடியம் மிக அதிகம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எடை குறைந்தால் உண்மையிலேயே பலன் இருக்குமா?

இருக்கும். தொப்பை இரைப்பையை இடைவிடாமல் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து 2006-ல் வந்த முடிவு இதில் கவனிக்க வேண்டியது. எடை இயல்பான வரம்புக்குள் இருந்த பெண்களுக்குக்கூட, எடை ஏற ஏறத் தொந்தரவும் ஏறியது. நார்வேயில் நடந்த பெரிய மக்கள் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: எடை எவ்வளவுக்குக் குறைந்ததோ அவ்வளவுக்கு அறிகுறிகளும் குறைந்தன. ஒல்லியாக இருப்பவர்கள் மேலும் இளைக்க வேண்டியதில்லை, அவர்களுக்கு இதில் பலனும் இல்லை.

இடுப்புப் பட்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றை இறுக்கும் பெல்ட், பேன்ட், உள்ளாடை எல்லாமே பற்பசைக் குழாயை நடுவில் அமுக்குகிற வேலையைத்தான் செய்கின்றன. சாப்பிட உட்காரும்போது பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொள்வதற்குக் காசா பணமா?

உடற்பயிற்சி செய்யலாமா?

தாராளமாக. நடை, சைக்கிள் போன்ற மிதமான பயிற்சி நல்லது. சாப்பிட்டபின் மெதுவாகக் கொஞ்சம் நடப்பதும் நல்லது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஓடுவது, கனமான எடை தூக்குவது, வயிற்றை மடக்கிச் செய்யும் பயிற்சிகள், தலைகீழ் ஆசனங்கள் ஆகியவை வேண்டாம். வீட்டு வேலையிலும் இதே விதிதான்: தரை துடைப்பது, கீழே உள்ள அலமாரியை ஒழுங்குபடுத்துவது போன்றவற்றைச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். குனியத்தான் வேண்டுமென்றால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்காருங்கள்.

மூச்சுப் பயிற்சி உதவும் என்கிறார்களே, உண்மையா?

நானும் முதலில் சந்தேகத்தோடுதான் படித்தேன், ஆனால் விஷயம் இருக்கிறது. உதரவிதானமும் வளையத் தசையைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அது தசை, பயிற்சி கொடுத்தால் வலுப்படும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நடந்து 2012-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நான்கு வாரம் வயிற்று மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு உணவுக்குழாயில் அமிலம் படும் நேரம் குறைந்தது. பயிற்சியை விடாமல் ஒன்பது மாதம் தொடர்ந்தவர்கள் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் குறைத்துக்கொண்டார்கள். சிறிய ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் செலவில்லை, கெடுதலும் இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை நெஞ்சிலும் இன்னொரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது வயிற்றின் மேலுள்ள கை மட்டும் முன்னே வர வேண்டும், நெஞ்சின் மேலுள்ள கை அசையக் கூடாது. விடும்போது இழுத்ததைவிட நிதானமாக விடுங்கள். சாப்பிட்டபின் ஐந்து பத்து நிமிடம் செய்தால் ஏப்பம் அடிக்கடி வருவதும் குறையும்.

புகை, மது?

புகைப்பது வளையத் தசையைத் தளர்த்தி, உமிழ்நீரையும் குறைக்கிறது. நிறுத்திவிடுங்கள். மதுவும் தசையைத் தளர்த்தும். இரவில் தாமதமாகக் குடிப்பது இரட்டைக் கெடுதல்.

மன அழுத்தத்தால் வருமா?

மன அழுத்தம் அமிலத்தைக் கூட்டுவதைவிட, வலியை உணரும் அளவைக் கூட்டுகிறது. அதே அளவு அமிலம் பட்டாலும் பதற்றமாக இருக்கும் நாளில் எரிச்சல் பல மடங்காகத் தெரியும். இரவில் சரியாகத் தூங்காவிட்டாலும் அப்படித்தான். மாத்திரை சாப்பிட்டும் எரிச்சல் குறையாத சிலருக்குப் பரிசோதித்தால் அமிலம் மேலே வருவதே இயல்பான அளவில்தான் இருக்கும். உணவுக்குழாயின் நரம்புகள் கூர்மையாகிவிட்டிருக்கும். அவர்களுக்கு அமில மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை, சிகிச்சை வேறு.

நான் சாப்பிடும் வேறு மாத்திரைகள் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் (அம்லோடிபின் வகை), நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டுகள், சில மனச்சோர்வு மருந்துகள் வளையத்தைத் தளர்த்தும். இபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் உள்சுவரைப் புண்ணாக்கும். டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலென்ட்ரோனேட் போன்றவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே புண் வரும். இவற்றை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் மாத்திரைகளை நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிட மோசமாகிறதே?

முதலில் அவற்றைச் சாப்பிடும் முறை. இந்த மாத்திரைகள் அமிலம் சுரக்கும் பம்புகளை அவை இயங்கும் நேரத்தில்தான் அடைக்கின்றன. ஆகவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டும். சாப்பிட்டபின் அல்லது படுக்கும்போது போட்டுக்கொண்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள் நிறையப் பேர்.

நிறுத்தும்போது வரும் எரிச்சல் வேறு கதை. மாதக்கணக்கில் அடக்கி வைத்த சுரப்பு, மருந்தை விட்டதும் சில வாரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பொங்கும். டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஆய்வில், எதுக்களிப்பே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவு வந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஆக, நிறுத்திய வாரத்தில் எரிகிறது என்பதற்காக ஆயுளுக்கும் மாத்திரை வேண்டும் என்று முடிவுகட்ட வேண்டாம். மருத்துவரோடு பேசி, அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்கலாம். இடையில் தேவைப்படும்போது ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்து எடுக்கலாம். அது தேங்கி நிற்கும் அமிலத்தின் மேல் நுரைப் படலமாகப் படர்ந்து மறைக்கும்.

உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், பேரட்ஸ் எனப்படும் திசு மாற்றம் உள்ளவர்கள், ரத்தக்கசிவைத் தடுக்க இதைச் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. அவர்கள் தொடரத்தான் வேண்டும்.

பல் கூசுகிறது. இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. புளிப்பு வாய்வரை வந்தால் உடனே பல் துலக்காதீர்கள். அமிலத்தில் மென்மையான எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லுவதும் உதவும்: உமிழ்நீர் ஊறி அமிலத்தைக் கழுவும். புதினா சுவை வேண்டாம்.

இத்தனையும் செய்து எவ்வளவு நாளில் தெரியும்?

படுக்கை உயரமும் சாப்பாட்டு நேரமும் ஓரிரு வாரத்திலேயே தெரிந்துவிடும். எடைக்கு மாதங்கள் ஆகும். 2021-ல் அமெரிக்கச் செவிலியர்களின் இன்னொரு குழுவைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலிருந்து, சுமார் 43,000 பெண்களின் விவரங்களை வைத்து ஒரு கணக்கு வெளியானது. இயல்பான எடை, புகைக்காமை, தினமும் அரை மணி நேரமாவது மிதமான உடலுழைப்பு, காபி, டீ, சோடா நாளுக்கு இரண்டு கப்புக்கு மேல் போகாமை, நல்ல உணவு முறை ஆகிய ஐந்தும் எல்லோரிடமும் இருந்திருந்தால் அறிகுறிகளில் சுமார் 37 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் என்பது பெரிய விஷயம்தான். மீதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சரியாக நடந்தும் மாத்திரை தேவைப்படுபவர்கள் பலர் உண்டு, அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

எப்போது தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

விழுங்கும்போது உணவு அடைத்தால் அல்லது வலித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை இருந்தால், வாந்தி ஓயாவிட்டால் நாள் கடத்த வேண்டாம். ரத்த வாந்தி, தார் போன்ற கருப்பு மலம் என்றால் அன்றே. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொந்தரவு தொடங்கினாலும் பரிசோதிப்பது நல்லது.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் அது வாயு என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அனுபவமுள்ள மருத்துவரும் இசிஜி பார்க்காமல் பிரித்துச் சொல்லத் தயங்கும் இடம் இது.

கர்ப்பகாலத்தில்?

ஹார்மோன் வளையத்தைத் தளர்த்துவதாலும், கருப்பை மேலே தள்ளுவதாலும் பலருக்கு வரும். பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும். மேலே சொன்ன நேரம், அளவு, இடப்பக்கம் எல்லாம் பொருந்தும். கடையில் வாங்கும் எந்த மருந்தையும் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கைக்குழந்தை பால் கக்குகிறது, தலைமாட்டை உயர்த்தலாமா?

கூடாது. குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாத்தித்தான் தூங்கவைக்க வேண்டும். சரிவான படுக்கையும் தலையணையும் மூச்சடைப்புக்கு இடம் கொடுக்கும். பால் குடித்தபின் சற்று நேரம் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடவையுங்கள். நன்றாக எடை ஏறி, விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை கக்குவதற்கு மருந்து தேவையில்லை, பெரும்பாலும் ஒரு வயதையொட்டித் தானாக நின்றுவிடும். எடை ஏறாவிட்டாலோ, பச்சை நிறத்திலோ ரத்தம் கலந்தோ வாந்தி எடுத்தாலோ, பீய்ச்சியடிப்பதுபோல் திரும்பத் திரும்பக் கக்கினாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.